கினிப்பன்றி நகத்துக்கு எந்தக் கத்தரி: பெங்களூரில் கிடைக்கும் கருவிகள் ஒரு பார்வை

கினிப்பன்றியின் நகம் வெட்டுவதற்கென்றே செய்த கருவி நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டை ஒட்டிய கடைகளில் கேட்டாலும், அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கத்துப் பெட் ஷாப்புகளில் கேட்டாலும், கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் நாய்க்கோ பூனைக்கோ செய்ததாகத்தான் இருக்கும். அவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்பதுதான் இங்கே விஷயம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பூனைக்கும் பறவைக்கும் என்று விற்கிற, விரல் நுழைக்க இரண்டு வளையமும் வெட்டுவாயில் அரைவட்டப் பள்ளமும் உள்ள சின்னக் கத்தரி போதும். 100 முதல் 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கூடவே நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு படிகாரம். ஆயிரம் ரூபாய் கொடுத்து மெஷின் வாங்க வேண்டியதில்லை.

கத்தரிக்குப் போவதற்கு முன் நகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் மூன்று விரல், ஆக மொத்தம் 14 நகம். முன்நகங்கள் மெலிந்தவை, கூரானவை. பின்நகங்கள் தடித்தவை, நீளமானவை. நகமும் சதையும் போல என்று உறவைச் சொல்வோம். கினிப்பன்றிக்கு நகத்துக்குள்ளேயே சதை ஓடுகிறது. ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த நகக்கண், விரலிலிருந்து கிளம்பி நகத்துக்குள் வெகுதூரம் நீண்டிருக்கும். வெளிர் நகத்தில் அது இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். கறுப்பு நகத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே பாதத்தில் இரண்டு வெளிர் நகம், ஒரு கறுப்பு நகம் என்று கலந்தும் இருக்கும். கத்தரி நகக்கண்ணில் பட்டால் ரத்தம் வரும், வலிக்கும், அடுத்த முறை அந்த ஜீவன் காலைக் கொடுக்காது. மூன்றிலும் பெரிய நஷ்டம் கடைசியில் சொன்னதுதான். ரத்தம் சில நிமிடத்தில் நின்றுவிடும், பயம் மாதக்கணக்கில் நிற்கும்.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். ஃப்ளாட் வீட்டில், மெத்தென்ற துணி விரிப்பின் மேல் வாழும் கினிப்பன்றிக்கு நகம் தேய வழியே இல்லை. வெட்டாமல் விட்டால் நகம் பக்கவாட்டில் வளையும், பிறகு சுருளும். விரல் திரும்பிக்கொள்ளும், உடம்பின் எடை பாதத்தின் பின்பகுதியில் விழும், அங்கே தோல் சிவந்து புண்ணாகும். பாதப்புண் வந்துவிட்டால் அது மாதக்கணக்கான வைத்தியம். இன்னொன்றும் நடக்கும். நகம் நீள நீள உள்ளே நகக்கண்ணும் நீளும். ஆறு மாதம் விட்டுவிட்டு ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தால் ரத்தம்தான் வரும். அப்படி நீண்டுபோன நகத்தை வாரம் ஒரு மில்லிமீட்டர் என்று நுனியை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் நகக்கண் மெல்லப் பின்வாங்கும். அவசரப்பட்டால் ஆகாத வேலை இது.

இனி கத்தரி.

கடையில் "கேட் நெயில் கட்டர், சிசர் டைப்" என்று கேளுங்கள். வெறும் நெயில் கட்டர் என்றால் நாய்க்கானதை எடுத்து வைத்துவிடுவார்கள். முழு நீளம் எட்டிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். உறையின் மேலுள்ள பெயரை விட்டுவிட்டு வெட்டுவாயைப் பாருங்கள். இரண்டு அலகிலும் எதிரெதிரே ஒரு பிறைப் பள்ளம் இருக்கும். கத்தரியை மெதுவாக மூடும்போது இரண்டு பிறையும் சேர்ந்து ஒரு வட்டமாகி, அந்த வட்டம் சுருங்கிச் சுருங்கி மறையும். நகம் நழுவாமல் அதற்குள் உட்காரும். எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் அழுத்தம் வருவதால் நசுங்காமல் அறும். இதுதான் இந்தக் கத்தரியின் முழுப் பலம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு அலகுக்கும் நடுவே பள்ளம் இருந்த இடத்தில் ஒளிக்கீற்று தெரிந்தால் அந்தக் கத்தரி வேண்டாம். நகம் அறாமல் மடிந்து அந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அடுத்து, நடு ஆணியைப் பிடித்து அலகுகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் அதுவும் வேண்டாம். மூன்றாவது சோதனைக்கு ஒரு தென்னை ஈர்க்கு வேண்டும். விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவி அதன் நுனிப் பக்கத்தைப் பிறைக்குள் வைத்து வெட்டுங்கள். கினிப்பன்றி நகத்தின் நுனி ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். வெட்டிய முகம் வழவழவென்று இருந்தால் கத்தரி நல்லது. நார் தொங்கினால், அல்லது வெட்டிய இடம் தட்டையாக நசுங்கியிருந்தால், நகத்துக்கும் அதேதான் நடக்கும். மழுங்கிய கத்தரி நகத்தை நீளவாக்கில் பிளக்கும். பிளவு நகக்கண் வரை ஓடிவிட்டால், சரியான இடத்தில் வெட்டியும் ரத்தம் வரும். நான் எங்கே தவறினேன் என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். தவறு கையில் இல்லை, வெட்டுவாயில் இருக்கிறது.

வளையத்தின் அளவையும் கவனியுங்கள். சில கத்தரிகளில் வளையம் மிகச் சிறிது, பெரியவர்களின் கட்டைவிரல் பாதிதான் நுழையும். அப்போது விரல் நுனியால் மட்டும் அழுத்த வேண்டிவரும், கை நடுங்கும். ரப்பர் உறை போட்ட பெரிய வளையம் நல்லது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி: பிறைப் பள்ளம் நகத்தைத் தானே பிடித்துக்கொள்வதால், சாதாரணக் கத்தரிபோல இது இடக்கையில் வழுக்குவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. நான்கைந்து வயது தாண்டிய கினிப்பன்றிக்குப் பின்நகம் தடித்து, மஞ்சளித்து, முறுக்கிக்கொண்டு போகும். அதற்கு இந்தக் கத்தரி திணறும். இரண்டு முறை அழுத்த வேண்டிவந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த மாதிரி நகத்துக்குச் சின்ன அளவு குறடு வகை நகவெட்டி சரி. பாதத்தை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் நகம் இளகிக் கொடுக்கும்.

வெட்டும் முறை

விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நமக்கு எப்படியோ, கினிப்பன்றிக்கு இது கடைப்பிடிக்க வேண்டிய விதி. காலை வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம், தரையில் பாய் விரித்து உட்காருங்கள். சோபாவில், கட்டிலில், மேஜையில் வேண்டாம். முக்கால் கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை எடையுள்ள பிராணி, கால்கள் குட்டை, எலும்பு மெலிது. இடுப்பு உயரத்திலிருந்து துள்ளி விழுந்தால் கால் முறியும், பல் உடையும். தரையில் உட்கார்ந்தால் அந்தப் பயமே இல்லை.

இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம். ஒருவர் பூத்துவாலையை மடியில் விரித்து, கினிப்பன்றியை அதன் முதுகு தம் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி உட்காரவைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கை முன்னங்கால்களுக்குக் கீழே மார்பைத் தாங்க, இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். பின்பக்கம் தொங்கினால் அது உதறத் தொடங்கும். மார்பை இறுக்க வேண்டாம், மூச்சுக்கு இடம் இருக்கட்டும். மல்லாக்கப் படுக்கவைக்கவும் வேண்டாம். அந்த நிலையில் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அது சமாதானமல்ல, பயத்தில் உறைந்த நிலை. உடம்பு விறைத்து, கண் வெளியே பிதுங்கினாற்போலத் தெரிந்தாலோ, பற்களை நறநறவென்று கடித்தாலோ, அன்றைக்கு அத்தோடு நிறுத்துவது நல்லது. பிடித்திருப்பவர் ஒரு கொத்தமல்லித் தண்டையோ குடைமிளகாய்க் கீற்றையோ வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டே இருக்கலாம். மெல்லுகிற வாய் இருக்கும்போது கால் அவ்வளவாக இழுக்காது.

வெட்டுகிறவர் பாதத்தைப் பிடிக்காமல் விரலைப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே ஒரு விரலை, நகத்தின் அடியில், மென்மையாக. முடி அதிகமாக இருந்தால் கொஞ்சம் ஈரம் தொட்டுப் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். நகக்கண் எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் கத்தரியை வையுங்கள். அலகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கினிப்பன்றி நின்றால் வெட்டிய முகம் தரையோடு சமமாகப் பொருந்துகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு உடனே அறுக்காமல் லேசாக ஒரு அழுத்தம் கொடுங்கள். காலை வெடுக்கென்று இழுத்தால் நகக்கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள், ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்த்துங்கள். இழுக்கவில்லை என்றால் ஒரே வெட்டு. பாதி அழுத்தி நிறுத்துவதுதான் நகத்தைப் பிளக்கும்.

கறுப்பு நகத்துக்கு மொபைல் டார்ச் வேண்டும். ஒளியை மேலிருந்து அடித்தால் நகத்தின் பளபளப்புதான் தெரியும். நகத்துக்குக் கீழே, அதைத் தொட்டாற்போல டார்ச்சை வைத்து மேலிருந்து பாருங்கள். நகக்கண் இருக்கும் வரை கனத்த நிழலாகவும், அதைத் தாண்டிய நுனி தேன் நிறத்திலும் தெரியும். அப்படியும் தெரியாத அளவுக்குக் கறுப்பாக இருந்தால் நகத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நுனிப் பகுதியின் அடியில் ஓடம்போல ஒரு குழிவு ஓடும். அந்தக் குழிவு மூடிக்கொண்டு நகம் நிறைந்து வருகிற இடத்தில் நகக்கண் ஆரம்பிக்கிறது. குழிவு உள்ள பகுதியில் மட்டும், அதிலும் நுனிக் கொக்கியை மட்டும் எடுத்தால் ஆபத்தில்லை. ஒரு வெளிர் நகம் அதே பாதத்தில் இருந்தால் அதை முதலில் வெட்டி, அந்த நீளத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

14 நகத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாளைக்கு ஒரு பாதம் என்று நான்கு நாளில் முடித்தாலும் நகம் நகம்தான். தனியாக வெட்டுபவர்களுக்கு இதுவே நல்ல வழி. குட்டியாக வாங்கி வந்த நாளிலிருந்தே தினமும் ஒரு நிமிடம் பாதத்தைத் தொட்டுப் பழக்கினால் பிறகு பெரிய போராட்டம் இருக்காது.

பாதத்தின் ஓரத்தில், முன்னங்காலில் முக்கியமாக, காய்ப்புபோல ஒரு தோல் நீட்டம் வளர்வதைப் பார்க்கலாம். கூடுதல் நகமோ என்று பயப்பட வேண்டாம், தடித்த தோல்தான். அதன் அடியில் உயிருள்ள தோல் இருக்கிறது, எனவே வேரோடு வெட்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து இளக்கி, காய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் அதே கத்தரியால் எடுத்தால் போதும்.

மற்ற கருவிகள்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் குழந்தை நகவெட்டியை எடுத்து வேலையை முடிப்பவர்கள் நிறைய. குட்டிகளின் மெல்லிய நகத்துக்கு அது ஓடும். ஆனால் மனித நகம் தட்டையானது, அதற்காகத்தான் அந்த வெட்டுவாய் வளைந்து அகலமாக இருக்கிறது. கினிப்பன்றி நகமோ பக்கவாட்டில் ஒடுங்கியது. நேராக வைத்து அழுத்தினால் மேலும் கீழும் நசுங்கி விளிம்பு பிளக்கும். நகவெட்டியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, அலகு நகத்தின் இரண்டு பக்கமிருந்தும் வருமாறு பிடித்தால் ஓரளவு சரியாகும். பெரியவர்கள் நகவெட்டி எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதன் உடம்பு பெரிதாக இருப்பதால் எங்கே வெட்டுகிறோம் என்பதே கண்ணுக்கு மறைந்துவிடும்.

வளையத்துக்குள் நகத்தை நுழைத்து, பிடியை அழுத்தினால் தகடு நகர்ந்து அறுக்கும் நாய் நகவெட்டியைக் கடைக்காரர்கள் அதிகம் பரிந்துரைப்பார்கள். கினிப்பன்றிக்கு அது சரிப்படாது. துளை பெரிது, நகம் அதற்குள் ஆடும். உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. கால் உதறும் நொடியில் நகம் வளையத்துக்குள் மாட்டியிருந்தால் விரலே திருகிக்கொள்ளும். கத்தரி என்றால் திறந்ததும் கால் விடுபடும். இந்த ஒரு காரணத்துக்காகவே வளைய வகையை ஒதுக்கலாம்.

எல்.இ.டி. விளக்கும் பூதக்கண்ணாடியும் பொருத்திய நகவெட்டிகள் ஆன்லைனில் நிறைய. நகக்கண் தெளிவாகத் தெரியும் என்பது விளம்பரம். விளக்கு வெட்டுகிற பக்கத்திலிருந்தே நகத்தின் மேல் அடிக்கிறது. நகக்கண் தெரிய வேண்டுமானால் ஒளி நகத்தின் மறுபக்கத்திலிருந்து ஊடுருவி வர வேண்டும். வெளிர் நகத்துக்கு அந்த விளக்கு தேவையில்லை, கறுப்பு நகத்துக்கு அது உதவாது. மொபைல் டார்ச் கையிலேயே இருக்கும்போது இதற்காக 400, 500 ரூபாய் கொடுக்க வேண்டாம்.

சார்ஜ் போட்டு ஓடும் அரவை மெஷின் 600 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. நாய்க்கு அது நல்ல கருவி. கினிப்பன்றியிடம் மூன்று சிக்கல். அதன் காது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியையும் கேட்கும், நமக்கு மெல்லிய ரீங்காரமாகப் படுவது அதற்குப் பெரிய இரைச்சலாக இருக்கக்கூடும். சின்ன நகத்தில் அதிர்வு விரல் முழுக்கப் பரவும், ஒரே இடத்தில் இரண்டு வினாடிக்கு மேல் வைத்தால் சூடேறும். பெருவியன், ஷெல்டி போன்ற நீள முடி வகைகளுக்குப் பாதத்து முடி சுழலும் தலையில் சிக்கிக்கொள்ளும். வெட்டிய பிறகு கூர் விளிம்பைத் தட்டத்தான் வேண்டுமென்றால், பச்சைக் குழந்தைகளுக்கென்று விற்கும் பேட்டரி அரம் மென்மையானது. அதைவிட எளிது, அழகு சாதனக் கடையில் கிடைக்கும் அட்டை அரத்தால் ஒரே திசையில் இரண்டு இழுப்பு.

நகம் தானே தேயட்டும் என்று கூண்டில் உப்புத்தாள் ஒட்டுவது கெடுதல். நகம் தேய்வதற்கு முன் பாதத்தின் தோல் தேய்ந்து புண்ணாகும். வைக்கோல் போடும் இடத்துக்கு முன்னால் ஒரு அடிச் சதுரக் கடப்பா கல், அதிகம் சொரசொரப்பில்லாத பக்கம் மேலே வருமாறு போட்டால் நுனிக்கூர் கொஞ்சம் மழுங்கும். ஏப்ரல் வெயிலில் படுத்துக் குளிரவும் அந்தக் கல் உதவும். வெட்டும் வேலை அதனால் நின்றுவிடாது. கம்பி வலைத் தரை உள்ள கூண்டு இருந்தால் நகத்தை எவ்வளவு ஒழுங்காக வெட்டினாலும் பாதம் கெடும், நகமும் கம்பியில் மாட்டிப் பிய்யும். முதலில் அந்தத் தரையை மாற்றுங்கள்.

ரத்தம் வந்தால்

எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் ஒரு நாள் நகக்கண்ணில் பட்டுவிடும். அதற்கான பொருள் வெட்டத் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். படிகாரத்தை முன்கூட்டியே அம்மியிலோ சின்ன உரலிலோ நுணுக்கி, ஈரம் படாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வந்ததும் சுத்தமான பஞ்சால் ஒற்றி, ஒரு சிட்டிகைப் பொடியை நகத்தின் நுனியில் வைத்து, விரலால் ஒன்று இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நொடிக்கொரு முறை எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்துவிடும். படிகாரம் இல்லையென்றால் சோள மாவை வைத்து அழுத்தலாம். வேலை நடப்பதில் பாதி அந்த அழுத்தத்தால்தான்.

க்விக் ஸ்டாப் போன்ற வெளிநாட்டுப் பொடிகளில் இருப்பது பெர்ரிக் சப்சல்பேட் என்ற இரும்பு உப்பு. வேகமாக வேலை செய்யும், ஆனால் பட்ட இடம் எரியும், மஞ்சள் கலந்த பழுப்புக் கறையும் விழும். நகத்தின் நுனியில் மட்டும் படவேண்டும். தோலில், திறந்த புண்ணில் தூவக் கூடாது. வாரத்துக்கு நான்கு கடையில் நகம் வெட்டிக்கொடுக்கிறவருக்கு அது தேவைப்படலாம். ஒன்றோ இரண்டோ வளர்க்கும் வீட்டுக்குப் படிகாரமே நிறைவு.

ரத்தம் நின்றதும் உடனே கூண்டில் விட வேண்டாம். வெள்ளைத் துணி விரித்த பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெள்ளைத் துணியில் புதுச் சொட்டு விழுந்தால் தெரியும். மரத்தூளும் வைக்கோல் துணுக்கும் நுனியில் ஒட்டாமலும் இருக்கும். கால் மணி நேரம் அழுத்தியும் நிற்கவில்லை என்றாலோ, நகம் அடியோடு பிய்ந்து வந்திருந்தாலோ, மறுநாள் விரல் வீங்கியிருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். கழுவுவதற்கு, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போதும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையையோ சிரப்பையோ கொடுத்துவிடாதீர்கள். வாய்வழி பென்சிலின் வகை மருந்து கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, சில நாளில் உயிரையே எடுத்துவிடும். புண்ணுக்குத் தூவும் ஆன்டிபயாடிக் பவுடர்களும் வேண்டாம், அது காலை நக்கும்.

நகம் அடிக்கடி பிளப்பது, பாதம் வீங்குவது, தொட்டாலே கத்துவது எல்லாம் கத்தரியின் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி உடம்பில் உற்பத்தி ஆகாது. கிலோ எடைக்கு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் உணவில் வர வேண்டும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் அதற்குப் பெரிய உதவி. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நம்ப வேண்டாம், வெளிச்சம் பட்டதும் அதன் வீரியம் போய்க்கொண்டே இருக்கும்.

வெளியே கொடுத்து வெட்டலாமா

வீட்டு வாசலுக்கே வேன் கொண்டுவரும் க்ரூமிங் சேவைகள் பெங்களூரில் நிறைய. நாய், பூனைக்கு அவர்கள் கை பழகியது. கினிப்பன்றிக்கு அழைப்பதற்கு முன் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கருவியில் வெட்டுவீர்கள், எப்படிப் பிடிப்பீர்கள், கறுப்பு நகத்தில் எங்கே வெட்டுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? வளைய நகவெட்டி என்றாலோ, மல்லாக்கப் படுக்கவைப்போம் என்றாலோ, பழக்கத்தில் தெரியும் என்று சொன்னாலோ நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். வேனுக்குள் டிரையர் இரைச்சலும் நாயின் வாசனையும் இருக்கும். வீட்டுக்குள் வந்து, உங்கள் பாயில் உட்கார்ந்து வெட்டச் சம்மதித்தால் மட்டும் அழைக்கலாம்.

பெட் ஷாப்பில் நின்றபடி, கவுன்டர் மேல் வைத்து வெட்டிக்கொடுப்பது எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. உயரம், அவசரம், ஒரே கத்தரி எல்லாப் பிராணிக்கும். பூஞ்சைப் படையும் உண்ணியும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வர அது போதும். போயே ஆக வேண்டுமென்றால் உங்கள் கத்தரியைக் கையோடு கொண்டுபோங்கள்.

முதல் முறை மட்டும் கால்நடை மருத்துவரிடம் வெட்டச்சொல்லி, அவர் கையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் செலவழிக்கத் தகுந்த பணம். நாய் பூனை மட்டும் பார்ப்பவரா, சின்னப் பிராணிகளும் பார்ப்பவரா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, அங்கே போவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுப் போவதே நல்லது. நகம் பார்க்கும்போதே பல், எடை, பாதத்தின் அடி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மாதா மாதம் இதற்காகச் சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பது கினிப்பன்றிக்கு நகவெட்டைவிடப் பெரிய தண்டனை. 27, 28 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கும். கோடையில் போக வேண்டியிருந்தால் காலை ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். கூண்டுக்குள் ஒரு வெள்ளரித் துண்டு, கூண்டின் மேல் காற்று போகிற மெல்லிய துணி.

கத்தரியைப் பாதுகாப்பது

வெட்டி முடித்ததும் பிறைப் பள்ளத்தில் நகத்தூள் ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு உறையில் போடுங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை பெங்களூர்க் காற்றில் ஈரம் அதிகம், நடு ஆணியில்தான் துரு முதலில் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் போட வேண்டாம், நாளடைவில் பிசுக்கேறி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நாலு முறை திறந்து மூடி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பேப்பர், நூல், பார்சல் டேப் எதையும் இந்தக் கத்தரியால் வெட்டாதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் நேர் அலகைத் தீட்டுவார், பிறைக்குள் அவருடைய கல் போகாது. பள்ளத்தின் வடிவம் கெட்டுத்தான் திரும்பி வரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஈர்க்கை வைத்துப் பாருங்கள். நார் தொங்க ஆரம்பித்ததும் புதுக் கத்தரி வாங்கிவிடுங்கள், பழையதை வைக்கோல் கட்டு பிரிக்க வைத்துக்கொள்ளலாம்.